நெற்பயிரைப் பட்டினி போடும் வேலை

1

ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறதாம். உரக்கடை வேலு ஜெர்மனிக்குப் போய் நெற்பயிரைப் பட்டினி போட்டுச் சம்பளம் வாங்குகிறான் என்று. அண்ணன் போனில் சொல்லிவிட்டுச் சிரித்தார். பேச்சில் பிழை இல்லை. அதற்கு முன்னால் அதே பயிருக்குத் திருட்டுத்தனமாகச் சாப்பாடு போட்டு, பெண்டாட்டியின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன் என்பது மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அண்ணன் அதை வெளியே சொல்ல மாட்டார். அதில் அவரும் கூட்டுக் களவாணி.

இந்தக் கார்த்திகையோடு நாங்கள் இங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது. இப்படி வருடம் திரும்பும்போது வெளிநாட்டில் இருப்பவர்கள் உருக்கமாக ஏதாவது எழுதுவது வழக்கம். எனக்கு உருக்கம் வராது, யூரியாதான் வரும். அதனால் போன கார்த்திகையில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். ஊரில் பேசுகிறவர்கள் முழுசாகவே பேசட்டும்.

எங்கள் உரக்கடை பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். ஒரு பக்கம் பால்கோவாக் கடை, மறுபக்கம் கோர்ட்டுக்கு வருகிறவர்களை நம்பி நடக்கும் ஜெராக்ஸ் கடை. பால்கோவா வாங்க வருகிறவர்கள் எங்கள் கடையைத் தாண்டும்போது மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அங்கே நானும் அண்ணனும் பதினைந்து வருடம் உட்கார்ந்திருந்தோம். மூட்டை விற்பது அண்ணன் வேலை. இலை பார்ப்பது என் வேலை.

இலை பார்ப்பது என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கான்சாபுரம், வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வருகிற விவசாயி, வயலில் ஒரு நெல் இலையைக் கிள்ளிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார். கடைக்கு வந்து என்ன பிரச்சினை என்று வாயைத் திறக்க மாட்டார். இலையை மேஜைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பி, கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்வேன். கீழ் இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்து இல்லை, யூரியா கேட்கிறது. ஓரம் கருகினால் சாம்பல்சத்து. துரு விழுந்தாற்போல் புள்ளி வந்தால் துத்தநாகம். பார்த்த உடனே தெரிந்துவிடும். ஆனால் உடனே சொல்லிவிட்டால் மரியாதை இருக்காது என்பதால் ஒரு டீ குடித்து முடித்த பிறகுதான் சொல்வேன்.

நெல்லின் நிறத்தைப் பார்த்து உரம் போடுவதற்கென்று பச்சைக் கோடுகள் போட்ட ஒரு அட்டை உண்டு. அது எங்கள் கடை ஆணியில் தூசி படிந்து தொங்கியது. அட்டை எதற்கு, வேலு இருக்கான்ல என்பார்கள். நானும் அதை நம்பினேன்.

2

சுகந்தியைப் பெண் பார்க்க ராஜபாளையம் போனபோது அவள் வேளாண்மையில் மேல்படிப்பு முடிக்கிற நிலையில் இருந்தாள். அவள் அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். மாப்பிள்ளை உரக்கடை, பொண்ணு வேளாண்மை, இதைவிடப் பொருத்தம் உண்டா என்று தரகர் இரண்டு பக்கமும் சொல்லிவைத்திருந்தார்.

தனியாகப் பேச விட்டார்கள். பிடித்த கலர், பிடித்த சாப்பாடு என்று நான் தயாராகப் போயிருந்தேன். அவள் கேட்டது வேறு.

"ஒரு ஏக்கர் நெல்லுக்கு எம்புட்டு யூரியா போடச் சொல்லுவீக?"

சொன்னேன். கொஞ்சம் தாராளமாகவே சொன்னேன்.

"அதுல எம்புட்டு வேருக்குள்ள போகுதுன்னு என்னைக்காவது பாத்திருக்கீகளா?"

"வேர யாரு பாத்தா? நாங்க இலையத்தான் பாப்போம்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அது இவனைத் திருத்த வேண்டியிருக்கிறது என்கிற சிரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

கல்யாணமான புதிதில் அவள் சொல்லித்தான் எனக்கு வேர் என்ற சமாச்சாரமே விளங்கியது. நாம் போடுகிற உரத்தை நெல் வேர் அப்படியே விழுங்கிவிடுவதில்லை. வேரில் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. தழைச்சத்துக்கு ஒரு கதவு, மணிச்சத்துக்கு ஒரு கதவு, இரும்புக்கு இன்னொன்று. எந்தக் கதவை எத்தனை வைப்பது, எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்பதெல்லாம் மரபணுக்களின் உத்தரவு. பயிர் பசியாக இருந்தால் சில மரபணுக்கள் விழித்துக்கொண்டு கதவுகளைக் கூட்டும், வேரை நீட்டும். வயிறு நிறைந்தால் அவை அடங்கிவிடும். நாம் மூட்டை மூட்டையாகக் கொட்டினால் கதவைச் சாத்திக்கொண்டு பயிர் பேசாமல் இருக்கும். மிச்சம் தண்ணீரோடும் காற்றோடும் போய்ச்சேரும்.

"அப்ப பாதி மூட்டைய நான் காத்துக்கா வித்துருக்கேன்?" என்று கேட்டேன்.

"நல்ல ரேட்டுக்கு" என்றாள்.

அவள் ஆராய்ச்சியே அந்தக் கதவு பற்றித்தான். வானம் பார்த்த பூமியில், உரமே காணாத சிவப்பு மண்ணில் காலங்காலமாக விளைந்த ஒரு பழைய நெல் ரகம். அதில் ஒரு மரபணு, நாம் சாதாரணமாகப் பயிர்செய்யும் நெல்லில் இருப்பதிலிருந்து கொஞ்சம் மாறியிருக்கிறது. அந்த மாற்றம் இருப்பதால் பசி நேரத்தில் அந்த நெல் கதவுகளை அகலத் திறந்து, மண்ணில் இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் வழித்து எடுத்துக்கொள்ளும். அதை நல்ல விளைச்சல் தரும் நெல்லோடு கலப்புச் செய்து பல தலைமுறை தேர்ந்தெடுத்து ஒரு புது வரிசையை, அதாவது புது ரகமாகப் போகிற நெல்லை, உண்டாக்கியிருந்தாள். குறைந்த உரத்திலும் பச்சையாக நிற்கும் நெல். உரக்கடைக்காரன் கட்டிய தாலியோடு உரக்கடைக்கு எதிராக வேலை செய்த ஒரே பெண் அவளாகத்தான் இருக்கும்.

3

சுகந்திக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்து ஜெர்மனிக்கு வந்த முதல் இரண்டு வருடம் எனக்கு வேலை சமைப்பதும் ஆதிரையை மழலையர் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும்தான். ஆதிரை எங்கள் மகள். வந்தபோது கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரியவள், இப்போது பத்து வயது.

உரமும் பூச்சிமருந்தும் விற்ற அனுபவம் இருக்கிறது என்று வேலைக்கு மனுப் போட்டேன். சான்றிதழ் எங்கே என்றார்கள். பதினைந்து வருடம் விற்றேன் என்றேன். அதற்குச் சான்றிதழ் எங்கே என்றார்கள். இந்த நாட்டில் தெளிப்பான் கைப்பிடியைத் தொடுவதற்கே ஒரு பரீட்சை இருக்கிறது. பூவுக்குத் தண்ணீர் விட மூன்று வருடப் படிப்பு. ஊரில் ஒரு மூட்டை யூரியா வாங்கக் கைநாட்டு வைக்கிற மிஷின், மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த கட்டைவிரலை அடையாளம் தெரியாது என்று சொல்லும்போதெல்லாம் நான் மிஷினைத் திட்டியிருக்கிறேன். இங்கே என் முழு உருவத்தையே அடையாளம் தெரியவில்லை என்றார்கள்.

கடைசியில் சுகந்தியின் பேராசிரியை ஹெல்கா அம்மாதான், நிறுவனத்துக் கண்ணாடிக் கொட்டகையில் உதவியாள் வேலை போட்டுக் கொடுத்தார். ஹெல்கா உயரமான மனுஷி. அதிகம் பேச மாட்டார். முதல் தடவை அவர் வீட்டு விருந்தில், போதும் என்பதை ஜெர்மன் மொழியில் சொல்வதாக நினைத்து நான் நிறைந்துவிட்டேன் என்றேன். அந்த மொழியில் அதற்குப் போதை தலைக்கேறிவிட்டது என்று பொருளாம். நான் குடித்திருந்தது ஆப்பிள் ஜூஸ். ஹெல்கா முகம் மாறாமல் எனக்கு மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஆதிரைக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. வீட்டுக்கு வெளியே ஜெர்மன்காரி. வீட்டுக்குள் தமிழ் பேசுவாள், ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் கற்ற தமிழ். "அப்பா, குப்பையைத் தவறான தொட்டியில் போட்டுவிட்டீர்கள்" என்பாள். ஆண்டாள் கோயில் கல்வெட்டு நேரில் வந்து கண்டிப்பதுபோல் இருக்கும். யாரும் பார்க்காவிட்டாலும் சிவப்பு விளக்குக்கு நிற்பாள். இந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் சமாளிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

4

போன வருடம் கார்த்திகையில் சுகந்தியின் சோதனை கடைசிக் கட்டத்துக்கு வந்தது. கொட்டகையில் நாற்பத்தெட்டுத் தொட்டிகள். மண் கிடையாது, சத்துக் கலந்த தண்ணீரில் நெல். பாதித் தொட்டியில் சாதாரண நெல், பாதியில் அவளுடைய புது வரிசை. எது எது என்பது ரகசிய எண்ணில் இருக்கும். பார்க்கிறவர் மனசு ஒரு பக்கம் சாயக் கூடாது என்பதற்காக அவளுக்கே அது தெரியாதபடி ஹெல்கா வைத்திருந்தார். இன்னொரு பிரிவினையும் உண்டு. நீல ஒட்டுத்தாள் ஒட்டிய தொட்டிகளுக்கு முழுச் சாப்பாடு. வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டிய இருபத்துநான்கு தொட்டிகளுக்குப் பட்டினிச் சாப்பாடு, பேருக்குக் கொஞ்சம்.

இதில் என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. அதை நீட்டிக்க வேண்டுமானால் இந்தச் சோதனையின் முடிவைப் பணம் தருகிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒப்பந்தம் போனால் எங்கள் மூன்று பேர் விசாவும் போகும். நிரந்தரமாகத் தங்குவதற்கான அட்டைக்கு எங்களிடம் எப்போதும் ஒரு காகிதம் குறையும். முதல் சில வருடம் அவள் வாங்கியது சம்பளம் இல்லை, உதவித்தொகை, அது கணக்கில் வராது என்று அலுவலகத்தில் அழகாகச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு நான்கு நாள் வெளியூரில் ஒரு கூட்டம். போகும்போது என்னிடம் ஒரு அட்டவணையைக் கொடுத்தாள். சனிக்கிழமை எல்லாத் தொட்டிக்கும் வெறும் தண்ணீர். ஞாயிறு தொட்டிகளை இடம் மாற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் விளக்கு ஒரேபோல் கிடைக்க. திங்கள் பழைய நீரைக் கொட்டிவிட்டு, நீல மூடிக் கேனிலிருந்தும் வெள்ளை மூடிக் கேனிலிருந்தும் அதது அததற்கு. செவ்வாய் அவள் வந்துவிடுவாள். புதன் காலை வேரை அறுத்து, எந்த மரபணு எவ்வளவு விழித்திருக்கிறது என்று பார்ப்பாள்.

"அட்டவணையில இல்லாத எதையும் செய்யாதீக" என்றாள் ரயில் ஏறும்போது.

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

சனிக்கிழமை காலை ஆதிரையையும் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே மழையும் குளிரும். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைத் தொட்டிகளில் பயிர் மஞ்சள் பூத்து நின்றது. கீழ் இலை முதலில். பார்க்கச் சகிக்கவில்லை. ஊரில் அதே நேரம் நடவு முடிந்து மேலுரம் போடுகிற சமயம். கடையில் கூட்டம் அலைமோதும். விளையாட்டாக ஒரு இலையைப் படம்பிடித்து, யாருடையது என்று சொல்லாமல் அண்ணனுக்கு அனுப்பினேன். என்னண்ணே, சுகமா என்று கேட்கிற மாதிரிதான்.

உடனே அண்ணனின் குரல் பதிவு வந்தது.

"ஏலே, யாரு வயலுலே இது? தழைச்சத்து சுத்தமா இல்ல. இதக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாமலா எனக்கு அனுப்புத? அங்க போய் அம்புட்டையும் மறந்துட்டியா?"

அண்ணன் படத்தைக் கடையில் இருந்தவர்களுக்கும் காட்டியிருக்கிறார். அடுத்து வந்தது கான்சாபுரம் கருப்பையா மாமாவின் குரல். எனக்கு உறவு இல்லை, ஆனால் பதினைந்து வருடம் என்னிடமே இலை காட்டியவர்.

"மாப்ள, இதப் பாத்துட்டுமாய்யா சும்மா நிக்க? யாரு பெத்த வெள்ளாமையோ. ஒரு கை யூரியாவ வீசி விட்டாத்தான் என்ன? கை முறிஞ்சா போயிரும்?"

பின்னால் இரண்டு மூன்று பேர் ஆமாம் போடுகிற சத்தமும் கேட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் உரக்கடையே கண்ணாடிக் கொட்டகைக்குள் வந்து நின்று என்னைப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. கையில் இலை இருந்தது. என்ன குறை என்று தெரியும். மருந்தும் பக்கத்திலேயே நீல மூடிக் கேனில் இருந்தது.

ஒரே ஒரு தொட்டிக்கு என்றுதான் ஆரம்பித்தேன். ரொம்ப மோசமாக இருந்ததற்கு. பக்கத்தில் அதைவிட மோசமாக ஒன்று நின்றது. நாலு ஊற்றியிருப்பேன். ஐந்தாகவும் இருக்கலாம். எட்டுக்கு மேல் போகவில்லை என்பதை உறுதியாகச் சொல்வேன்.

திரும்பினால் ஆதிரை நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, அந்தக் கேன் திங்கட்கிழமைக்கு உரியது" என்றாள்.

"சும்மா கொஞ்சூண்டுடா. அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம், அம்மாவுக்குச் சர்ப்ரைஸ்."

அவள் கேனின் மூடியை எடுத்து மூடி வைத்தாள். சர்ப்ரைஸ் என்பதற்கு அந்த வயதிலேயே அவளுக்கு ஒரு இலக்கணம் இருந்தது. அதற்குள் இது அடங்கவில்லை போலிருக்கிறது.

ஞாயிறு வந்தது. அட்டவணைப்படி தொட்டிகளை இடம் மாற்றினேன். திங்கள் அட்டவணைப்படி எல்லா நீரையும் கொட்டிப் புதிதாக நிரப்பினேன். ஒரு சொட்டுப் பிசகவில்லை. அன்று மாலைக்குள் சில தொட்டிகளில் இலை பச்சை கட்டியது. நான் பார்த்துப் பூரித்தேன். என் கைராசி இன்னும் போகவில்லை.

5

அந்தப் பூரிப்பு திங்கள் சாயங்காலம் வரைதான். சாப்பிட உட்கார்ந்ததும் ஆதிரை ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தாள். தமிழில்தான் எழுதியிருந்தாள். "நாளை அம்மா வந்தவுடன் நீங்கள் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் சொல்வேன். உங்களுக்கு ஒரு மணி நேரம் தருகிறேன்."

ஒரு மணி நேரம்! கோர்ட்டில்கூட வாய்தா கொடுப்பார்கள். அம்மா களைத்து வருவாள், இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம் என்றேன். இங்கே எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள் என்று ஒரு பொய்யும் சொன்னேன். "யார் யார்?" என்று கேட்டாள். ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சுகந்திக்குப் பிடித்த மாதிரி மட்டன் சுக்கா செய்து வைத்தேன். மிளகு கூட்டிப்போட்டேன். அவள் சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது ஆதிரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணனுக்குப் படம் அனுப்பியதிலிருந்து எல்லாவற்றையும் நான் சொல்லிவிட்டேன்.

சுகந்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம், தாங்கியிருப்பேன்.

"எந்தத் தொட்டி?" என்றாள்.

"சனிக்கிழம சன்னலோரமா இருந்தது. நம்பரப் பாக்கல."

"ஞாயித்துக்கிழம எடம் மாத்திட்டீகளா?"

"அட்டவணைப்படி."

"தண்ணிய மாத்திட்டீகளா?"

"அட்டவணைப்படி" என்றேன் மறுபடியும். சொல்லும்போதே எனக்குப் புரியத் தொடங்கியது. பழைய நீர் இருந்திருந்தால் எதில் சத்து அதிகம் என்று சோதித்துப் பார்த்திருக்கலாம். தொட்டி இடம் மாறாமல் இருந்திருந்தால் நினைவில் வைத்துச் சொல்லியிருக்கலாம். நான் ஒழுங்காகச் செய்த இரண்டு வேலையும் சேர்ந்து தடயத்தை அழித்துவிட்டன.

"எட்டு தொட்டிக்குள்ளதான் இருக்கும், சுகந்தி. பச்சையா நிக்கிறத மட்டும் ஒதுக்கிரலாம்ல?"

"பச்சையா நிக்கிறது மரபணுவாலயா, உங்களாலயான்னு யாரு சொல்லுவா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"பசியில இருக்கையிலதாங்க அந்த மரபணு முழிச்சிருக்கும். நாப்பது நாளா அதத் தூங்கவிடாம வச்சிருந்தேன். நீங்க சோத்தப் போட்டுத் தாலாட்டுப் பாடித் தூங்க வச்சிட்டீக."

சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது மொத்தமே இரண்டு மூன்று தடவைதான். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. விசா போகும் என்ற பயம் இல்லை. ஊருக்குத் திரும்பிப்போனால் எனக்குக் கடை இருக்கிறது, மேஜை இருக்கிறது, இலை கொண்டுவர ஆள் இருக்கிறது. அவளுக்கு அங்கே அந்தக் கதவுகளைப் பார்க்கிற வேலை இல்லை. இத்தனை வருடம் அவள் வேரைப் பார்த்தாள், நான் அப்போதும் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

புதன் காலை நானே ஹெல்காவிடம் போய்ச் சொன்னேன். என் ஜெர்மன் ஒழுங்காக ஓடுகிற நாளிலேயே நொண்டும். அன்று தவழ்ந்தது. ஹெல்கா கடைசிவரை கேட்டார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து நான்கு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். இந்த ஊரில் வீடு தீப்பிடித்தாலும் தீயணைப்பு வண்டிக்கு முன்னால் படிவம்தான் வந்து நிற்கும்.

வீட்டில் சுகந்தி பக்கத்தில் இருக்க நிரப்பினேன். சம்பவத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம். மின்தடை, கருவிக் கோளாறு, தவறான ஒட்டுத்தாள், மற்றவை. மற்றவையில் டிக் போட்டு, அகராதியைப் பார்த்து, இரக்கம் என்று எழுதினேன். எழுதியதும் எனக்கே கண் கலங்கியது. நல்ல மனுஷன்தான் நான் என்று தோன்றியது.

சுகந்தி எட்டிப் பார்த்தாள். நேற்றிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"இரக்கமா? இருவத்திநாலு தொட்டி பட்டினியா நின்னுச்சு. நாலஞ்சுக்குத்தான் ஊத்துனீக. இரக்கம்னா அம்புட்டுக்கும்ல ஊத்தியிருக்கணும்?"

"பொறவு என்னன்னு எழுத?"

"அண்ணன் மறந்துட்டியான்னு கேட்டாக. ஊத்துனீக. அத எழுதுங்க."

ஆதிரை வேறு அந்தப் பக்கம் நின்றாள். இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் உண்மையைத் தவிர வேறு வழி இல்லை. இரக்கத்தை அடித்துவிட்டு, எனக்கு இன்னும் வைத்தியம் தெரியும் என்று காட்டிக்கொள்வதற்காக என்று எழுதினேன். ஆதிரை ஜெர்மன் இலக்கணத்தைத் திருத்திக் கொடுத்தாள். வாழ்க்கையில் நான் நிரப்பிய படிவங்களில் பொய் இல்லாதது அது ஒன்றுதான்.

ஹெல்கா அந்தக் கட்டத்தை இரண்டு முறை வாசித்தார். என்னை வேலையைவிட்டு அனுப்புவார் என்று குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன். அவர் பணம் தருகிற இடத்துக்குப் போன் செய்து, பிப்ரவரி கடைசிவரை அவகாசம் வாங்கினார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி நாற்பத்தெட்டுத் தொட்டி. அதன்பின் என் பக்கம் திரும்பி, நான் மறந்துவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"இந்த முறை பட்டினி போடுகிற பொறுப்பு முழுவதும் உங்களுடையது. தினமும் கையெழுத்து வேண்டும்."

தண்டனையா, நம்பிக்கையா என்று எனக்கு விளங்கவில்லை. சுகந்தியிடம் கேட்டேன். அவளுக்கும் விளங்கவில்லை. ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் தட்டில் அவளே குழம்பு ஊற்றினாள்.

7

நாற்பத்திரண்டு நாள். ஒவ்வொரு நாளும் காலையில் போய் இருபத்துநான்கு வெள்ளைத் தொட்டிகளையும் பார்ப்பேன். தாளில் ஒரு வரிசை தேதி, ஒரு வரிசை என்ன கொடுத்தாய், ஒரு வரிசை கையெழுத்து. அட்டவணை நாள் தவிர மற்ற நாளெல்லாம் நடு வரிசையில் ஒன்றுமில்லை என்று எழுதுவேன். மூன்றாம் வாரத்தில் மஞ்சள் ஏறத் தொடங்கியதும் எனக்குக் கை நமநமவென்று வரும். கையைப் பைக்குள் விட்டுக்கொள்வேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன், கருப்பையா மாமா குரல் கேட்டுவிடக் கூடாது என்று.

ஐந்தாம் வாரம் ஒரு விஷயம் நடந்தது. எல்லாத் தொட்டியும் ஒரேபோல் மஞ்சளாகவில்லை. சில தொட்டிகளில் மஞ்சள் ஒரு இடத்தோடு நின்றுவிட்டது. நடு இலை பச்சையாகவே நின்றது. யாரும் ஊற்றவில்லை. நானும் ஊற்றவில்லை, அதற்குத்தான் அத்தனை கையெழுத்து இருக்கிறதே. நாளெல்லாம் அந்தத் தொட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடையில் இலை பார்த்த காலத்தில் பச்சைக்கு நான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பச்சைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வேரை அறுத்துப் பார்த்தார்கள். ரகசிய எண்ணைப் பிரித்தார்கள். பச்சையாக நின்ற தொட்டிகளில் பெரும்பாலானவை சுகந்தியின் புது வரிசை. அவற்றின் வேரில் அந்த மரபணு நன்றாக விழித்திருந்தது. ஒப்பந்தம் இரண்டு வருடம் நீண்டது. அன்று சுகந்தி ராஜபாளையத்துக்குப் போன் போட்டு அவள் அப்பாவிடம் பேசினாள். என்ன கண்டுபிடித்தாய் என்று அவர் கேட்க, கதவு, என்றாள். மில்லில் வேலை பார்த்த மனுஷன், எந்தக் கம்பெனிக் கதவு என்று கேட்டிருக்கிறார்.

போன மாதம் அறிக்கை அச்சாகி வந்தது. கடைசிப் பக்கத்தில் உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் பெயருக்குக் கீழே என் பெயரும் இருந்தது. அதைப் படம்பிடித்து அண்ணனுக்கு அனுப்பினேன். அண்ணன் அடுத்த நிமிடமே கூப்பிட்டார். கடையில் கூட்டம், எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"ஏலே வேலு, ஒம் பேரு போட்டிருக்காகளே! அந்த நெல்லு வந்தா யூரியா வேண்டாமாக்கும்?"

"வேணும்ணே. கொறச்சலா வேணும்."

"கொறச்சலுன்னா எம்புட்டுலே?" அண்ணன் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு கடைக்காரப் புத்தியை ஒதுக்கிவிட்டுக் கேட்டார். "சரி, அத விடு. ஒனக்கு என்னத்துக்கு நன்றி சொல்லிருக்காக? நீ என்ன குடுத்த அவியளுக்கு?"

"ஒண்ணும் குடுக்கல. ஒண்ணும் குடுக்காம இருந்ததுக்குத்தான் நன்றி. அப்படித்தான் எழுதியிருக்கு."

அண்ணனிடமிருந்து போனை வாங்கிக் கருப்பையா மாமா பேசினார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"அம்புட்டு நாளும் பயிரு ஒன்னையவே பாத்துக்கிட்டுல மாப்ள நின்னுருக்கும்? நீ என்ன செஞ்ச?"

"கையெழுத்துப் போட்டேன் மாமா" என்றேன்.